ஒன்பதாவது ஆணி

மண்ணெண்ணெயில் கரைத்த சிவப்புச் சாயத்தின் நெடியும், அதனூடே வீடு கூட்டும் "தும்புத்தடி" தரையில் அறையும் ஓசையுமாகத்தான் வெள்ளவத்தையில் ரயில் பாதையோரம் இருந்த எங்கள் வீட்டின் பின்னறை எனக்கு நினைவில் நிற்கிறது. அம்மா அங்கே துணியைத் தரையில் விரித்து, சாயத்தில் தோய்த்த தும்புத்தடியால் ஓங்கி ஓங்கி அடித்துப் படம் வரைவார். அதில் ஆளோ மரமோ இராது. அடி விழுந்த தடங்கள் மட்டும் இருக்கும். "என்ன பிள்ளை, கொம்மா இண்டைக்கும் பாம்பு அடிக்கிறாவோ?" என்று பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் கேட்பார்.

அப்பா பெயர்பெற்ற ஓவியர். அவர் வரைந்த குடம் சுமக்கும் பெண்களை வாங்க ஆட்கள் காரில் வருவார்கள். அவர்களிடம் அம்மாவைக் காட்டி, "இவ தேத்தண்ணி நல்லாப் போடுவா" என்பார்.

இறக்குமதிக் கட்டுப்பாட்டால் ஓவியத்துணி கிடைக்காதிருந்த காலத்தில், அப்பாவின் கண்காட்சிக்கு ஒரு துணி குறைந்தது. அம்மா நான்கு மாதமாக அடித்து முடித்திருந்த ஆகப் பெரிய படத்தை அவர் தரையிலிருந்து உரித்தெடுத்தார்.

"பின்பக்கம் சும்மாதானே கிடக்கு."

அம்மாவின் படம் உள்ளே மறைய, வெறும் பக்கம் வெளியே தெரிய, மரச்சட்டத்தின் இடது மேல் மூலையிலிருந்து அறையத் தொடங்கினார். ஒழுங்கான பிள்ளை என்பதால் ஆணிகளை எண்ணிக் கொடுப்பது என் வேலை. எட்டு ஆணி முடிந்ததும் அம்மா வந்து சட்டத்தின் மேல் கையை வைத்தார்.

"கையை எடும்."

"எடுக்கமாட்டன். இது முடிஞ்ச படம்."

சுத்தியல் இறங்கியது. அம்மா கையை எடுக்கவில்லை. மறுபடியும் இறங்கியது. இரண்டு விரல்கள் நசுங்கி, இரத்தம் வெறுந்துணியில் தெறித்தது. அப்பா என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். நான் ஒன்பதாவது ஆணியைக் கொடுத்தேன்.

களுபோவில ஆஸ்பத்திரியில் அம்மா, "கதவு நசிச்சுப்போட்டுது" என்றார். அன்றைக்கு என் கொப்பியில், "இருபத்தெட்டு ஆணி, ஒன்றும் வளையவில்லை" என்று எழுதினேன். விரல்களைப் பற்றி எழுதவில்லை. இரத்தத்தின் மேல் அப்பா வெள்ளை பூசி, குடத்தோடு ஒருத்தியை வரைந்தார். அதன்பின் அம்மா தும்புத்தடியால் வீடு மட்டுமே கூட்டினார்.

இருவரும் இப்போது இல்லை. அந்தப் படம் ஒரு மண்டபத்தில் தொங்குவதாக அறிந்து, சென்ற மாதம் போய், அதன் பின்பக்கத்தைப் பார்க்கக் கேட்டேன். பொறுப்பாளர் மரியாதையாகவே கழற்றித் திருப்பினார். துணி வெளிறிக் கிடந்தது.

"பின்னால ஏதோ சிவப்புக் கிறுக்கல் இருந்தது, மிஸ். போன வருசம்தான் சுரண்டித் துப்புரவாக்கினவை."

ஆணிகள் மட்டும் அப்படியே இருந்தன. அப்பா அறையத் தொடங்கிய மூலையிலிருந்து எண்ணினேன். ஒன்பதாவதும் நேராகவே இறங்கியிருந்தது. அப்பாவின் கை நடுங்கியிருக்கவில்லை, என் கையும்தான்.