நாலாம் நம்பர் வாய்க்கால்

மஞ்சுஷாவுக்கு ஸுப்ரியாவைக் கண்டால் ஆகாது. இதைப் பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது? பொறாமை, அவ்வளவுதான். சோறு இறங்காத பொறாமை.

இரண்டு பேரும் கொச்சியில் மட்டாஞ்சேரி. தமிழ் பேசுகிற வீடுகள். ராமபத்ரன் சாரிடம் ஒரே நாளில் பிஎச்டிக்குச் சேர்ந்தார்கள். பாடமும் ஒன்றுதான், ஊர் வாய்க்கால்களின் தண்ணீர். ஸுப்ரியா அதில் உப்பைப் பார்த்தாள், மஞ்சுஷா ஈயத்தைப் பார்த்தாள். ஒற்றுமை அதோடு சரி. ஸுப்ரியாவின் அப்பா ஆடிட்டர், பாலக்காட்டிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். மஞ்சுஷாவின் அப்பா சங்கிலிப்பாண்டி கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளி.

உதவித்தொகை ஐந்தாம் வருஷத்தோடு நின்றுபோனது. நின்ற பிறகுதான் செலவே ஆரம்பிக்கும், அது என்ன நியாயமோ! கால நீட்டிப்புக்கு ஒரு ஃபீஸ், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒரு ஃபீஸ், காப்பியடித்தாளா என்று சோதிக்க ஒரு ஃபீஸ், பைண்டு போட்டு ஆறு பிரதி. எழுபதாயிரம் வந்தது. நீட்டித்த ஒரு வருஷத்துக்குள் சமர்ப்பிக்காவிட்டால் பதிவு ரத்து, ஐந்து வருஷமும் தண்ணீரில் போச்சு. ஸுப்ரியா தன் அப்பாவுக்கு ஒரு மெசேஜ் போட்டாள், மத்தியானம் கட்டி முடித்தாள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மஞ்சுஷா அதைப் பார்த்தாள்.

அவள் தோப்பும்படியில் எட்டாம் கிளாஸ் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்து, சாயாக்கூட வெளியே குடிக்காமல் நாற்பதாயிரம் சேர்த்தாள். மீதி முப்பதை ஒரு நாள் அப்பா கொண்டுவந்து மடியில் போட்டார்.

"ரெண்டு வருஷமா சீட்டுப் போட்டிருந்தேன் மோளே. ஓவர்டைம் காசு. திங்கக்கிழமை போய்க் கட்டிரு."

பணம்தான் புரண்டுவிட்டதே, மனசு ஆறியதா? எங்கே ஆறும்! திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஸுப்ரியாவின் வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். அதற்காக அவளுடைய ஆய்வேட்டை நூலகத்தில் வைத்திருந்தார்கள். மஞ்சுஷா போய் எடுத்து உட்கார்ந்தாள். படிக்கவா போனாள்? பேன் பார்க்கப் போனாள்.

மூன்றாம் நாள் பேன் கிடைத்தது. நாலாம் நம்பர் வாய்க்கால். வாரா வாரம் தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் எடுத்தது என்று எழுதியிருந்தாள். ஆனால் உப்பு ஒரு வாரம் ஒன்றுமில்லை, அடுத்த வாரம் கடலுக்கே சமம். கடல் ஏறி வந்த நேரத்தில் எடுத்தாலொழிய அவ்வளவு உப்பு வராது. படகு ஓட்டுகிற ஒரு வள்ளக்காரனுக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் எடுக்க ஸுப்ரியா ஏற்பாடு செய்தது மஞ்சுஷாவுக்குத் தெரியும். 'கூலிக்கு ஆள் வெச்சா இப்படித்தான்டி! எனக்கு எடுத்தது எங்கப்பா' என்று நினைத்தபோது, பல மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

வெள்ளிக்கிழமை ஹாலுக்குள் நுழைந்தால், கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு சங்கிலிப்பாண்டி.

"அப்பா, இங்க என்ன?"

"முன்னால நிக்குதே உன் கூடப் படிக்கிற கொச்சு, அதுதான் வரச் சொல்லுச்சு. நாளைக்கு உனக்கும் இதேதானே? பார்த்து வெச்சுக்கிறேன்."

ஸுப்ரியா நன்றாகத்தான் பேசினாள். அதுவும் எரிந்தது. கேள்வி நேரம் வந்ததும் மஞ்சுஷா எழுந்தாள். பக்க எண், அட்டவணை எண், வாரம், எல்லாம் சொல்லி இங்கிலீஷில் கேட்டாள். முன்வரிசையில் தேர்வாளர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டித் தேடினார்கள். ஸுப்ரியாவின் முகம் வெளுத்தது. அதைப் பார்க்க மஞ்சுஷாவுக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

ராமபத்ரன் சார் மலையாளத்தில் கேட்டார், "நாலாம் நம்பரில் தண்ணீர் எடுத்தது யார்?"

"வள்ளக்காரன் வரலை சார். வேற ஒருத்தர்..."

"யார்?"

ஸுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான்தான் சாரே" என்றார் சங்கிலிப்பாண்டி. "சனிக்கிழமை சனிக்கிழமை காலையில ஆறு மணி. ஏழுக்கு எனக்கு மஸ்டர், கையெழுத்துப் போடலேன்னா அன்னிக்குச் சம்பளம் இல்லை. தண்ணி பத்து மணிக்கு இறங்கும்னா அதுக்கு நான் எங்க நிக்கிறது? ஆனா கள்ளத்தனம் கிடையாது சாரே. ஒரே இடம், ஒரே நேரம். ஒரு குப்பி என் மோளுக்கு, ஒரு குப்பி இந்தக் கொச்சுக்கு."

வேலையைச் சரியாகச் செய்த மனுஷனின் கம்பீரத்தோடு சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சார் கண்ணாடியைக் கழற்றி மஞ்சுஷாவைப் பார்த்தார். கடல் ஏறின நேரத்தில் எடுத்தால் ஈயம் நீர்த்துப்போய்க் குறைவாகத்தான் காட்டும். வீட்டுச் சுவரில் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையை ஒட்டிவைத்தவள், அப்பாவின் மஸ்டரை நினைக்கவே இல்லை.

ஸுப்ரியா தப்பித்தாள். கையில் இருக்கும் உப்பை வைத்தே எது ஏற்றம், எது இறக்கம் என்று பிரித்து எழுதிவிடலாம். ஒரு அத்தியாயம் திருத்தச் சொல்லி டாக்டர் பட்டத்துக்குப் பரிந்துரைத்தார்கள். மஞ்சுஷாவை சார் தனியே கூப்பிட்டார். "எது ஏற்றம், எது இறக்கம்னு எல்லாம் மறுபடி பிரிக்கணும். ஆறு மாசமாவது ஆகும். திங்கக்கிழமை நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. இன்னொரு நீட்டிப்புக்கு எழுதிக் கொடு, அதுக்கும் ஃபீஸ் உண்டு."

வெளியே ஸுப்ரியா நின்றிருந்தாள். "என் உப்புப் பட்டியல் முழுக்க மெயில் பண்ணிட்டேன் மஞ்சு. ரெண்டும் ஒரே நேரத்துத் தண்ணிதானே, உனக்கு அது போறும். அவரை மாட்டிவிட வேண்டாம்னுதான் நான் வாயத் திறக்கலை."

கெட்டவளாகவாவது இருந்து தொலைக்கக்கூடாதா இவள்! மஞ்சுஷா தேங்க்ஸ் சொன்னாள். சொன்ன வாய் கசந்தது.

மட்டாஞ்சேரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

"அப்பா, அந்த முப்பதாயிரம்?"

"அந்தக் கொச்சு கொடுத்ததுதான். குப்பிக்கு முந்நூறு. ஒனக்கு அவளைப் பிடிக்காதுன்னு தெரியும், சொன்னா வாங்க மாட்டே." அவர் சிரித்தார். "அதை விடு. என்னமா கேட்டே கேள்வி! பெரிய பெரிய சாருங்கள்லாம் வாயடைச்சுப் போயிட்டாங்க. எனக்கு இங்கிலீஷ் தெரியாட்டி என்ன, முகம் தெரியாதா? திங்கக்கிழமை கட்டிருவோம்ல?"

"கட்டிருவோம்பா" என்றாள் மஞ்சுஷா.