முட்டுக் கொடுக்காத தூண்

வெடித்த கான்கிரீட் தூணுக்குப் புதுக் கம்பி கட்டிச் சுற்றிலும் கான்கிரீட் உறை போடுமுன், மேலுள்ள உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஆபத்தென்றால் அதற்கு அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பொறியாளராக இருந்தபோது இந்த விதியைப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்று ஏற்காட்டில் குடியேறிய பின், நான் பராமரிப்புப் பொறுப்பேற்றிருந்த எங்கள் தெருச் சமூகக்கூடத்தின் முன்தூணில் துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது.

"ஏனுங்க சார், இன்னைக்கே ரெண்டு முட்டு வெச்சுப்புடலாமுங்க. தூணு நொம்ப மோசமுங்க" என்றார் கொத்தனார் பெரியசாமி.

நாளை என்னை யாரும் கேள்வி கேட்கக்கூடாதே என்ற பயம் எனக்கு. எழுத்தில் அனுமதி வரட்டும் என்று அவரைத் தடுத்துவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். அதில் ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

கூடத்தின் முன் எஸ்டேட் பஸ்ஸுக்காக நின்றிருந்த காப்பித் தோட்டத் தொழிலாளி செல்லம்மா சிரித்தார். "சார் கடுதாசி எழுதிட்டாருங்க. பதில் வர்ற வரைக்கும் தூணு கையக் கட்டிக்கிட்டு நிக்குமுங்க."

பத்தாம் நாள் மழையில் தூண் நொறுங்கி உத்தரம் சரிந்தது. மழைக்கு ஒதுங்கியிருந்த செல்லம்மாவின் வலது கால் அதனடியில் சிக்கியது.

மருத்துவமனையில் அவர் என்னைத் திட்டவில்லை. "இனி சரிவுல ஏறிக் காப்பி பறிக்க முடியாதுங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

முட்டுக்குத் தேவையான இரண்டு சவுக்குக் கட்டைகளும் கூடத்தின் பின்னாலேயே கிடந்தன. அனுமதி வழங்கப்படுகிறது என்ற பதில், செல்லம்மா ஊன்றுகோலுடன் வீடு திரும்பிய நாளன்று வந்தது.