இருபது நிமிடத்தில் சீறிய புள்ளி

முடிச்சூரில் மூன்றாம் நாளாக மழை. நான் மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார அக்கா, குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியை. அவர் கணவருக்குக் காலில் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்தார்கள்.

காலை பத்து மணிக்கு அக்கா மேலே வந்தார்.

"ஏரியைத் திறக்கப் போறாங்களாம்மா. என் தம்பி வேன் கொண்டுவந்திருக்கான். வா, கிளம்பிடலாம்."

"ஒரே ஒரு மணி நேரம் அக்கா. முக்கியமான வேலை."

"உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது?" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார்.

நான் வானியல் ஆராய்ச்சி செய்பவள்; அந்த வேலை ஓரியன் நெபுலா. நட்சத்திரங்கள் பிறக்கும் அந்த வாயுமேகத்தை ரேடியோ தொலைநோக்கி ஒன்று பதிவுசெய்திருந்தது. மேகத்துக்குள் ஊசிமுனை அளவில் இளம் நட்சத்திரங்கள். ஐந்தைந்து நிமிடப் பதிவாகப் பிரித்துப் படமாக்கினால், எந்தப் புள்ளி மாறுகிறது என்று தெரிந்துவிடும். இரண்டு நாளாக என் லேப்டாப் அதைத்தான் கணக்கிட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் போய், இன்வெர்ட்டரில் ஓடியது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து.

தெருமுனையில் வேன் ஹார்ன் அடித்தது. மறுபடி அடித்தது. அப்புறம் சத்தமே இல்லை.

ஒரு மணி நேரம் இரண்டரை மணி நேரமானது. படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் மங்கலாக இருந்த ஒரு புள்ளி, அடுத்தடுத்த நான்கு படங்களில் மட்டும் சீறி எரிந்தது. அதைச் சுற்றிக் கோள்கள் உருவாகிக்கொண்டிருந்தால் அவற்றின் கதி என்னவாகியிருக்கும்? நான்கு படங்களையும் மறுபடி புரட்டிப் பார்த்தேன்.

அப்போதுதான் கீழே பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுவது கேட்டது. ஓடினேன். படிக்கட்டில் கீழ் ஐந்து படிகளைக் காணோம். டீசல் நாற்றமடிக்கும் தண்ணீரில் இடுப்பளவு நின்று, அக்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்காகக் காத்திருந்து வேனைத் தவறவிட்டிருந்தார்கள். அவர் கணவரின் கட்டு நனைந்து கறுத்திருந்தது. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, இருவருமாக அவரை மேலே இழுத்துவந்தோம்.

மறுநாள் மதியம்தான் படகு வந்தது. அதற்குள் அவருக்குக் காய்ச்சல் கொதித்தது. புண்ணில் சீழ் வைத்து, மேலும் இரண்டு முறை அறுத்தார்கள். இப்போது கைத்தடி இல்லாமல் அவரால் நடக்க முடியாது.

அந்தப் புள்ளியைப் பற்றிய என் கட்டுரை வெளியான பிறகு, அக்காவிடம் போய், அன்று எதற்காக ஒரு மணி நேரம் கேட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது ஏற்கெனவே பதிவானதுதானேம்மா? ஒரு வாரம் கழிச்சுப் பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கலாம் அக்கா."

அக்கா எழுந்து, கணவருக்கு மாத்திரை கொடுக்க உள்ளே போனார்.