மரகதம் அக்காவின் தண்ணீர் முறை

மோட்டார் சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை. மரகதம் அக்காவின் மகன் மறுபடி மறுபடி அழைத்த பிறகுதான் எடுத்தேன். "மாமா, அம்மா போய்ட்டாங்க" என்றான். மோட்டாரை நிறுத்திவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் அடுத்தடுத்திருக்கும் எங்கள் இரண்டு மாந்தோப்புக்கும் போர்க் கிணறு ஒன்றுதான். ஒருநாள் முறை அக்காவுக்கு, மறுநாள் எனக்கு. தோப்புக்கு வந்துபோனவர்களுக்கெல்லாம் தெரியும், அந்த முறைக்காக நாங்கள் போடாத சண்டையில்லை.

ஆற்றில் தண்ணீர் வராத வருடம் போரும் இழுத்து இழுத்துத்தான் இறைத்தது. பூ எடுக்கும்வரை பாதித் தண்ணீர் போதும், போர் ஊறட்டும், பிஞ்சு பிடித்ததும் முழுதாக விடலாம் என்றார் அக்கா. எனக்கு வந்ததே கோபம்! "மரத்தைக் கொல்லப் பாக்குறீங்களா?" என்று கத்தினேன்.

"கத்தாதீங்க தம்பி. கிளை நீளலேன்னா போவுது, பிஞ்சு நிக்கணும். மரத்துக்குத் தாகம் தெரியலாம், ஏக்கம் வந்துடக் கூடாது."

தினமும் விடியலில் இலையைத் தொட்டுப் பார்ப்பார். வெயிலில் வாடிய இலை விடிந்ததும் நிமிர்ந்தால் அது தாகம். விடிந்தும் தொங்கினால் ஏக்கம். ஒருநாள் என் மரங்கள் சிலவற்றின் இலைகள் அப்படித் தொங்கின. அக்கா தன் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தார். "அவுங்கவுங்க மரம்னு பாத்தா ஆவுமா?" என்றார்.

அந்த வருடம் துளிர்கள் குட்டையாகவே நின்றன. காயும் குறைவு, அதுவும் சிறுசு. ஆனால் ஒரு மரம்கூடப் பட்டுப்போகவில்லை.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. குடிக்கிற தண்ணீரை டாக்டர் அளந்துவிட்டார். கடைசியாகப் பார்க்கப் போனபோது கையில் அரை டம்ளர் வைத்திருந்தார். "பாத்தீங்களா தம்பி, மரத்துக்கு அளந்தேன், இப்ப எனக்கு அளக்குறாங்க" என்று சிரித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது தாகமில்ல தம்பி. ஏக்கம்" என்றார். விட்டுக்கொடுக்க இந்தப் பாவியிடம் அன்று என்ன முறை இருந்தது?

காரியங்களுக்கு அலைந்ததில் தோப்புப் பக்கம் யாரும் போகவில்லை. இன்று விடியலில் போனேன். அவர் மரங்களில் பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவில் நிற்கின்றன. அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இலையைத் தொட்டுப் பார்க்கும் அந்தப் பழக்கம்தான். தொட்டேன். விடிந்தும் நிமிரவில்லை.

இன்று முறை எனக்குத்தான். வால்வை அக்கா பக்கம் திருப்பிவிட்டேன்.