காரட்டை நம்பிய கழுத்து

கஞ்சிக்கோட்டில் ஒரு தகரக் கூரைப் பட்டறையில் எனக்கு வெல்டிங் வேலை. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் வெல்டிங் வெளிச்சத்தில் பல மடங்கு உண்டு. காரட்டின் நிறச்சத்து அந்தக் கதிரிலிருந்து தோலைக் காக்கும் என்று செல்போனில் பார்த்ததிலிருந்து, என் மனைவி தினமும் டிபன் பாக்ஸில் காரட்டையே நிரப்பினாள். என் உள்ளங்கைகூட மஞ்சளாகிவிட்டது. சத்து தோலில் ஏறிவிட்டதென்று நம்பி, ஒருநாள் புழுக்கம் தாங்காமல் காலர் பட்டனைக் கழற்றிவிட்டு வேலை செய்தேன். மாலைக்குள் கழுத்துக்குக் கீழே வெந்து சிவந்துவிட்டது.

காரட் கொஞ்சம்தான் உதவும், அது சட்டையாகுமா என்று டாக்டர் சிரித்தார். அவருக்கென்ன, அந்தத் தகரக் கூரைக்கடியில் ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும்.

வீட்டில் மனைவிதான் மருந்து தடவிவிட்டாள்.

“ஏனுங்க, நான் வெச்ச காரட்டு பத்தலைங்களா?”