வயிற்றின் மேல் வைத்த கை

வின்செஸ்டர் கோட்டையில் ராஜாவுக்கு அடுத்தபடி எல்லாரும் பயந்தது துணி வெளுக்கும் ஹாவிசுக்குத்தான். ராணி எர்மெலினின் படுக்கை விரிப்பும் உள்துணியும் அவள் கை வழியாகத்தான் ஆற்றுக்குப் போயாக வேண்டும். கல்யாணமாகி ஆறு வருடமாக ராணியின் வயிறு திறக்கவில்லை. மாதா மாதம் ஹாவிசு மூட்டையோடு இறங்கினால் போதும், ராணியுடைய மாமியாரின் தோழிகள் படியிலேயே மடக்குவார்கள்.

"இந்த மாசமாவது நல்ல சேதி உண்டா, ஹாவிசு?"

"மோந்து பாத்துக்குங்க," என்று மூட்டையை நீட்டுவாள். முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள்.

பன்னிரண்டு வயதில் சாம்பல் தண்ணீரில் கை வைத்தவள். நாற்பதில் அந்தக் கையில் ரேகை என்று ஒன்று மிச்சமில்லை. புருஷன் வைமார்க் கூரை வேய்கிறவன். வாய் நீளம், புத்தி கட்டை. ராஜாவின் காட்டில் மான் அடித்தான், அதுவும் கறி தொடக் கூடாத தவக்காலத்தில். ஒரே அம்பில் ராஜாவையும் ஆண்டவரையும் பகைத்துக்கொண்ட அந்த மகானுக்கு வெள்ளிக்கிழமை தூக்கு என்று தீர்ப்பானது.

புதன்கிழமை ஹாவிசு ராணியிடம் போனாள். ராணியே அழுதுகொண்டிருந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் மலடியைக் கன்னியர் மடத்துக்கு அனுப்புவதாகப் பேச்சு.

"அம்மா, பிள்ளைத்தாச்சி ராணி மண்டி போட்டு ஒரு உசுரைக் கேட்டா, ராஜா இல்லைன்னு சொல்லக் கூடாது. அது இங்கத்த வழக்கம்."

"நான் பிள்ளைத்தாச்சி இல்லையேடி. உனக்குத் தெரியாததா?"

"எனக்கு மட்டுந்தானே தெரியும்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வாயை ஏன் தொறக்குறீங்க? கையை வயித்து மேல வையுங்க. மிச்சத்தை அவங்களே சொல்லிக்குவாங்க."

வெள்ளிக்கிழமை காலை சபை நடுவே ராணி மண்டியிட்டாள். ஒரு கை வயிற்றில். ராஜா எழுந்தேவிட்டார். பிஷப் வாயைத் திறக்கும் முன் மாமியாரே நெஞ்சில் சிலுவை போட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டாள். வைமார்க் கழுத்திலிருந்து கயிறு இறங்கியது.

அதன் பிறகு மாதா மாதம் ராணியின் தீட்டுத் துணியைத் தன் துணிக்குள் சுருட்டி, ஊர் தாண்டிப் போய் அலசினாள் ஹாவிசு. தோழிகளிடம் சுத்தமான மூட்டையைக் காட்டினாள். நான்காம் மாதம் வயிறு தட்டையாகவே இருக்க, ஒரு கிண்ணம் கோழி ரத்தத்தைக் கொண்டுபோய் விரிப்பில் ஊற்றினாள். பிள்ளை கலைந்துவிட்டது என்று கோயில் மணி அடித்தது. ஒருமுறை தங்கியது மறுபடியும் தங்கும் என்று மடத்துப் பேச்சையும் விட்டார்கள்.

விரிப்பை உருவப் போனபோது, ராணி கையை வயிற்றிலிருந்து எடுக்காமலே படுத்திருந்தாள்.

"எடுக்க மனசு வரலை, ஹாவிசு. நாலு மாசம் இருந்துச்சு," என்றாள்.

விரிப்பில் இருந்தது கோழி ரத்தம். தலையணை நனைந்திருந்தது மட்டும் நிஜம். அதைப் பிழிந்தபோது ஹாவிசுக்கும் தாங்கவில்லை.

வீட்டில் பார்லிக் கஞ்சி ஊற்றும்போதும் கண் நிற்கவில்லை.

"ராணி பிள்ளை போனதுக்கு நீ ஏன்டி மூக்கைச் சிந்துற?" என்றான் வைமார்க்.

"பேசாம குடிய்யா. அந்தப் பிள்ளை இல்லேன்னா உனக்கு முழுங்கக் கழுத்தே இருந்திருக்காது."

அவன் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.