டூகியின் இடது முழங்கால்

உதைபந்தாட்டக் கிளப்பில் 'ட்ரெயினர்' என்று ஒருவரைச் சொன்னால் ஆட்டம் பழக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். யாராவது விழுந்தால் தண்ணீர் வாளியும் ஸ்பொஞ்சும் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆளுக்குத்தான் அந்தப் பெயர். எழுபதுகளில் ஆறு வருடம் மெல்பேர்ணில் அந்த வேலை பார்த்தேன். கிழமை நாட்களில் ஆஸ்பத்திரியில் கைகால் பிடிப்புக்குப் பயிற்சி கொடுக்கும் பகுதியில் உதவியாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கொட்லாந்துக்காரர்களின் கிளப்பில் வாளிக்காரன். உண்மையாக அடிபட்டவன் "ஒன்றுமில்லை" என்பான். அடிபடாதவன் "செத்தேன்" என்று உருளுவான். இரண்டு பேருக்கும் நடுவில் குந்தியிருந்து நான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நர்ஸ், வாத்தியார், பஸ் கண்டக்டர் என்று நடுவில் நின்று பேச்சு வாங்கிய எல்லோருக்கும் என் கஷ்டம் விளங்கும். அவர்கள் பேசிய ஆங்கிலத்தை என் ஊர்த் தமிழில்தான் தருகிறேன். வேறு எப்படித் தருவது?

சாண்டி

என் பெயர் சிவஞானசுந்தரம். கோச் முதல் நாள் அதை வாசிக்கத் தொடங்கிப் பாதியில் மூச்சு வாங்கினார். பாவமாக இருந்தது. 'சுந்தரம்' போதும் என்று இறங்கி வந்தேன். இடைவேளைக்குள் அது 'சண்டி' ஆகி, ஆட்டம் முடிவதற்குள் 'சாண்டி' ஆகிவிட்டது. அவர்கள் ஊரில் தெருவுக்கு நாலு சாண்டி இருக்கிறார்களாம்.

ஒருமுறை வேறொரு கிளப்பின் மைதானத்துக்குப் போனோம். ஸ்கொட்லாந்து அணியின் ட்ரெயினர் சாண்டி வருகிறார் என்று சொல்லி, அவர்களுடைய செயலாளர் வாசலில் தேத்தண்ணியோடு காத்து நின்றார். செம்பட்டை முடியும் சிவந்த மூக்கும் உள்ள ஒருவரைத் தேடியிருக்க வேண்டும். நான் வாளியோடு அவர் பக்கத்திலேயே பத்து நிமிடம் நின்றேன். கடைசியில் கையிலிருந்த தாளைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். 

"ஸ்கொட்லாந்திலை இவ்வளவு வெயில் அடிக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

நாலு தரம்

டூகி எங்கள் அணியின் நடுக்கள ஆட்டக்காரன். கிளாஸ்கோவில் பிறந்தவன். அங்கே சின்னக் கிளப்புகளில் ஏழு வருடம் சம்பளத்துக்கு விளையாடிவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறியவன். கிழமை நாட்களில் பெயின்ற் தொழிற்சாலையில் வேலை. அவன் நகத்திடுக்கில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும்.

முதல் நாள் அவனுடைய இடது முழங்காலை அழுத்தி, "நோகுதோ?" என்று கேட்டேன். "ஐ" என்றான். ஆங்கிலத்தில் 'நான்' என்று வாக்கியத்தைத் தொடங்குகிறான், மிச்சம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. திரும்ப அழுத்தினேன். "ஐ." சரி, கூச்சப்படுகிறான் போல என்று இன்னும் இரண்டு தரம் அழுத்தினேன். "நீ என்ன? முழுக்கச் சொல்லன்" என்று நான் கேட்டதும் உடுப்பு மாற்றும் அறை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. அவர்கள் பேச்சில் 'ஐ' என்றால் ஆமாம், எங்கள் ஊர் 'ஓம்' என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? டூகி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது.

"நாலு தரம் ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இனி எழுதித் தரவோ?"

வேகம் காணாது

கட்டுப் போடும்போதுதான் ஆட்டக்காரர்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். டூகி பதினைந்து வயதில் கிளாஸ்கோவின் பெரிய கிளப் ஒன்றில் சேர்ந்திருக்கிறான். நாலு வருடம் பெரிய ஆட்டக்காரர்களின் சப்பாத்துத் துடைத்து, மழையிலும் பனியிலும் ஓடிப் பழகியிருக்கிறான். பத்தொன்பது வயதில் மனேஜர் அறைக்குள் கூப்பிட்டு, "நல்ல பெடியன், ஆனால் வேகம் காணாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் கிளப் என்றால் உயிரையே விடுகிற அவனுடைய தகப்பன், அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே போகவில்லையாம்.

இப்போது அதே கிளப் ஜூன் மாதம் ஆஸ்திரேலியாவுக்கு வருகிறது, எங்கள் மாநில அணியோடு ஓர் ஆட்டம் ஆடப் போகிறது என்று செய்தி வந்தது. மனேஜரும் அதே மனேஜர்தான். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு மைதானமாகச் சுற்றினார்கள். டூகிக்கு அப்போது முப்பத்தொரு வயது. திங்கட்கிழமை தவறாமல் அவனுடைய முழங்கால் வீங்கும் என்பது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

"அவங்களை வெல்ல வேணும் எண்டில்லை, சாண்டி. நான் இன்னும் ஓடுறன் எண்டு அந்தாள் ஒருக்காப் பாத்தால் போதும்."

குசினிக் கதிரை

செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவான். குசினியில் ஒரு கதிரையில் அவன், எதிர்க் கதிரையில் அவன் கால். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பேன். அதற்குள் என் மனைவி யோகம் சோற்றுக்கோப்பையை அவன் மடியில் வைத்துவிடுவாள். மீன்குழம்பு சாப்பிட்டு நெற்றியெல்லாம் வியர்த்துக் கொட்டும். ஆனாலும் கோப்பையை நீட்டுவான்.

ஒவ்வொரு முறையும் புறப்படும்போது ஒரே கேள்விதான் கேட்பான்: "ஜூன் வரைக்கும் தாங்குமோ?" தாங்காது என்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அப்படிப்பட்ட முழங்கால்களைத் தினமும் பார்க்கிறவன் நான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. "பாப்பம்" என்பேன். அவன் நொண்டாமல் நடக்க முயன்றபடி கேற்றைத் தாண்டுவான். ஒரு நாள் யோகத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"பாப்பம் பாப்பம் எண்டு எத்தினை நாளைக்குச் சொல்லுவியள்? ஏலாதெண்டால் ஏலாதெண்டு அந்த மனுசனுக்குச் சொல்லுங்கோவன்."

தலையாட்டம்

மே மாதக் கடைசி ஞாயிறு. தெரிவாளர்கள் அன்றைக்கு எங்கள் மைதானத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டூகி முதல் பாதியில் அப்படி ஓடினான். இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் ஒருவன் சறுக்கிக்கொண்டு வந்து அவன் காலில் மோதி விழுத்தினான். வாளியோடு மைதானத்தின் அந்தக் கோடிக்கு ஓடினேன். முழங்காலைத் தொட்டதுமே விளங்கிவிட்டது. எலும்புகளுக்கு இடையில் பிடிப்பு இல்லை, ஆடுகிறது. "ஒண்டுமில்லை, விடு" என்றான் டூகி.

கோச் தூரத்திலிருந்து இரண்டு கையையும் காற்றில் சுழற்றிக் காட்டினார். ஆளை மாற்றவா என்று கேட்கிறார். காற்றும் கூச்சலும், கத்தினாலும் கேட்காது. என் இரண்டு கையும் முழங்காலில் இருந்தன. நம்மவர்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். 'ஓம், மாத்துங்கோ' என்று தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். கோச் தலையசைத்துவிட்டு, உடுப்போடு எழும்பி நின்ற மாற்று ஆட்டக்காரனைத் திரும்ப உட்கார வைத்தார். டூகி எழும்பி ஓடினான்.

அந்த ஆள் உட்காருவதை நான் கண்டேன். அதைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. கோட்டுக்கு வெளியே நடந்துபோக எனக்கு ஒரு முழு நிமிடம் இருந்தது. ஓடிப்போய் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கோச்சுக்குத் தெரியாததா, வாளிக்காரன் நான் என்ன சொல்வது என்று பேசாமல் போய் நின்றேன். இரண்டு நிமிடத்தில், பக்கத்தில் ஒருவருமே இல்லாத இடத்தில், டூகி திரும்ப முயன்று அப்படியே விழுந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, ஏன் மாற்றவில்லை என்று கோச்சிடம் கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"நீதானே வேண்டாம் வேண்டாம் எண்டு தலையை ஆட்டினாய்!"

முந்திரிப்பழம்

சவ்வு இரண்டு அறுந்துவிட்டது, நடக்கலாம், விளையாட்டை மறக்க வேண்டியதுதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த நாள் ஒரு கிலோ முந்திரிப்பழம், அதாவது திராட்சை, வாங்கிக்கொண்டு, நடந்ததைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பழப்பையைத் திறந்தேன். பழத்தை ஒவ்வொன்றாகப் பிய்த்து முக்கால்வாசியை நானே தின்று முடித்தேன். அழுதும்விட்டேன். டூகி குலையின் காம்பைப் பார்த்தான்.

"முழங்கால் என்ரை, பழமும் என்ரை. நீ ஏன் அழுறாய்?"

மர வாங்கு

ஜூனில் அந்த ஆட்டத்துக்கு இரண்டு பேரும் போனோம். அவன் ஊன்றுகோலோடு, நான் குடையோடு, முன் வரிசை மர வாங்கில் உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்குமுன் வேலியோரமாக அந்த மனேஜர் நடந்து வந்தார். டூகி எழும்பி நிற்கப் பார்த்தான். அவர் ஊன்றுகோலைப் பார்த்தார், "பாத்து, தம்பி, வழுக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடையாளம் தெரியவில்லை. டூகி திரும்ப உட்கார்ந்து மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. தலையாட்டியதையும், கோச் பிழையாக விளங்கிக்கொண்டதையும், கண்டும் நான் பேசாமல் நின்றதையும் கொட்டிவிட்டேன். திட்டுவான், அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன். அவன் ஊன்றுகோலை எடுத்து மடியில் குறுக்கே வைத்தான்.

"நீ ஆட்டினது ஓம் எண்டுதான் எனக்கு அப்பவே விளங்கினது, சாண்டி. மனிசி கறி போடவோ எண்டு கேட்டால் நீ அப்பிடித்தானே ஆட்டுறனி? கோச் பிழையா விளங்கிப்போட்டார் எண்டு கண்டுதான் எழும்பி ஓடினனான்."

அவனுக்காவது ஓடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. வாய் இருக்கிறபோது தலையைப் பாவிக்கக் கூடாது என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம், அதையும் இன்னொருவன் காலில்தான் கற்றுக்கொண்டேன்.